பிள்ளையை வண்டியிலிருந்து எப்போது இறக்குவது?



சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், ஃபஜ்ர் தொழுது முடித்த கையோடு, படவேட்டில் எங்கள் வீட்டு வாசலில் வாடகை வேன் வந்து நின்றது. சென்னைக்கு அப்பால் கடற்கரையோரம் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பமாகப் புறப்பட்டோம். பெரியவர்கள் ஏழு பேர். பிள்ளைகள் ஐந்து பேர். புளிசாதத் தூக்கு, தண்ணீர்ப் பாட்டில்கள், மாற்றுத் துணி, தொழுகை விரிப்பு என ஒவ்வொன்றாக ஏற்றிய பின், என் கையில் கடைசியாக எஞ்சியது மகளின் தள்ளுவண்டி. அவளுக்கு அப்போது நான்கு வயது நிறைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“இம்மாம் பெரிய புள்ளைக்கு வண்டியா? பாக்குறவங்க சிரிக்கப் போறாங்க” என்றார் என் பெரியம்மா.

தீய எண்ணத்துடன் சொன்ன சொல் அன்று அது. வேனுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகளும், “ஆமா, நான் பெரிய பொண்ணு” என்று மார்பை நிமிர்த்திக்கொண்டாள். நான் வண்டியை மடக்கிக் கதவின் பின்னால் சாய்த்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். அந்தத் தீர்மானத்தை எடுக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி யோசித்து முடிக்க ஓராண்டு ஆயிற்று.

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி, மருமகள் பிறந்த மகிழ்ச்சியில் வாங்கி வந்தது அது. படவேட்டில் அதைத் தள்ளிக்கொண்டு முதல் நாள் நான் தெருவில் இறங்கியபோது, “என்னம்மா, தள்ளுவண்டி வாங்கிட்டியா? காய் விக்கப் போறியா, பழம் விக்கப் போறியா?” என்று எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வாழைத்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர் எங்களுடையது. மண் பாதையில் அந்தச் சிறு சக்கரங்கள் பத்தடிகூட ஒழுங்காக உருளவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரேஷன் அரிசியை வண்டியில் வைத்துத் தள்ளி வந்த நாள்களே மிகுதி. வேலூர் மருத்துவமனைக்கோ, சென்னையில் ஒரு நிக்காஹ்வுக்கோ போனபோதுதான் அது தன் வேலையைச் செய்தது.

பிள்ளைகளுக்கான வண்டி முதலில் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 1733இல் இங்கிலாந்தின் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்பவர் வடிவமைத்த வண்டி, ஆட்டையோ சிறு குதிரையையோ பூட்டி இழுக்கும் வகையில் அமைந்ததாம். இன்று நாம் குடைபோல் மடக்கும் இலகுவான வண்டியை 1965இல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன். அவர் விமானச் சக்கர அமைப்புகளை வடிவமைத்த பொறியாளர். அமெரிக்காவிலிருந்து கைக்குழந்தையுடன் வந்த தம் மகள், பெரிய வண்டியைத் தூக்கவும் மடக்கவும் முடியாமல் திண்டாடியதைக் கண்டு, அலுமினியக் குழாய்களைக் கொண்டு மடங்கும் வண்டியைச் செய்தார். மகளின் கை வலியைப் பார்த்த ஒரு தகப்பனின் கவலையிலிருந்து பிறந்த பொருள் அது. இதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அது பிள்ளையின் வயதைக் காட்டும் ஓர் அடையாளம், அதனால் சீக்கிரம் விட்டொழிக்க வேண்டியது என்றே எண்ணியிருந்தேன்.

சந்தவாசல், ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் என்று நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடிய வேன் பத்தரை மணிக்குப் பூங்காவை அடைந்தது. நண்பகல் வரை எல்லாம் இனிதாகவே நடந்தது. மகள் எங்களுக்கு முன்னே ஓடினாள். ராட்டினத்தைப் பார்த்தாள், தண்ணீரில் ஆடினாள், பஞ்சுமிட்டாய் கேட்டாள். “பாத்தியா, வண்டி இல்லாமலே எப்படி ஓடுது!” என்று பெரியம்மாவிடம் நானே பெருமையாகச் சொன்னேன்.

லுஹர் தொழுது, மர நிழலில் சாப்பிட்டு எழுந்தபோது மணி இரண்டு. வீட்டில் அது அவள் உறங்கும் நேரம். சிமெண்டுத் தரை வெயிலைத் திருப்பி வீசியது. அக்காவின் பிள்ளைகள் பெரிய ராட்டினத்துக்கு வரிசையில் நிற்க, நாங்களும் உடன் நின்றோம். “அம்மா, கால் வலிக்குது” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம்” என்றேன். சற்றுப் பொறுத்து மீண்டும் சொன்னாள். “தூக்குங்க” என்று கையை நீட்டினாள். முதுகு வலி உள்ள என் கணவர் ஏற்கெனவே ஒருமுறை தூக்கி இறக்கியிருந்தார். மூன்றாம் முறை அவள் கேட்டபோது நான் பொறுமை இழந்தேன்.

“பெரிய பொண்ணுன்னு காலையில சொன்னியே? பெரிய பொண்ணு இப்படித்தான் அழுவாளா? நட!”

அவள் அதன் பிறகு கேட்கவில்லை. என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த இரண்டு மணி நேரமும் ஒரு சொல்கூட இல்லை. பிள்ளை சொன்னதைக் கேட்டுத் திருந்திவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அஸர் நேரத்தில் ஓரமாய் விரிப்பைப் போட்டுத் தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, விரிப்பின் ஓரத்தில் செருப்போடு சுருண்டு உறங்கிப்போயிருந்தாள். என் கணவரும் நானும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு வேன் நின்ற இடத்துக்கு வந்தோம். உறங்கும் பிள்ளையின் கனம் விழித்திருக்கும் பிள்ளையின் கனத்தைவிட மிகுதி என்பது தாய்மாருக்குத் தெரியும்.

வேனில் அவளை மடியில் கிடத்திச் செருப்பைக் கழற்றினேன். பெருநாளைக்கு வாங்கிய புதுச் செருப்பு. வலது குதிகாலின் மேல் வார் உராய்ந்த இடத்தில் கொப்புளம் கண்டு, உடைந்து, தோல் உரிந்து, செருப்பின் உட்புறத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. நான் தண்ணீர் தொட்டுத் துடைத்தபோது பாதி விழித்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அம்மா, நான் அழல இல்ல?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வேன் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரம் வரும் வரை யாரும் பேசவில்லை.

அன்று நான் செய்த பிழை வண்டியை வீட்டில் வைத்தது மட்டும் அன்று. வண்டி இல்லாமலும் அந்த நாளை நல்லவிதமாகக் கழித்திருக்கலாம். பிள்ளையின் கால் என்ன சொல்கிறது என்பதைவிடப் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை வைத்து நான் முடிவெடுத்தேன். எடுத்த முடிவைக் காப்பாற்ற, “பெரிய பொண்ணு” என்ற சொல்லை அவள் வாயை அடைக்கப் பயன்படுத்தினேன். வலியைச் சொல்வது சிறுபிள்ளைத்தனம் என்று நான்கு வயதில் அவளுக்குக் கற்பித்துவிட்டேன்.

வீடு திரும்பிய பின் ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. படவேட்டில் காலை முதல் மாலை வரை தோப்புக்கும் வாசலுக்கும் ஓடித் திரிபவள், அங்கே ஏன் சோர்ந்தாள்? விடை எளியது. ஊரில் அவள் தன் விருப்பப்படி நடக்கிறாள். ஓடுகிறாள், நிற்கிறாள், எறும்பைப் பார்க்கக் குந்துகிறாள், களைத்தால் திண்ணையில் சாய்கிறாள். வெறுங்காலில் மண்ணில் நடக்கிறாள். பூங்காவில் அவள் நடந்தது எங்கள் விருப்பப்படி. எங்கள் வேகத்தில், எங்கள் வரிசையில். நாம் ஓரடி வைக்கும் இடத்தில் அவள் ஏறத்தாழ இரண்டடி வைக்க வேண்டும். நடப்பதைக் காட்டிலும் நிற்பதே பிள்ளையைச் சோர்வடையச் செய்கிறது. அதனுடன் வெயிலும் இரைச்சலும் தவறிப்போன உறக்கமும் சேர்ந்துகொண்டன.

பூங்காக்களும் பிள்ளைகளை வயதால் அளப்பதில்லை. பெங்களூருக்கு அருகே பிடதியில் 2005 முதல் இயங்கும் வொண்டர்லாவில் நுழைவுச் சீட்டின் வகையே பிள்ளையின் உயரத்தைப் பொறுத்தது. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் பெரிய ராட்டினங்கள் பலவற்றில் ஏற 102 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதுப் பெண்பிள்ளையின் நடு உயரம் 102.7 சென்டிமீட்டர். அப்படியென்றால் நான்கு வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தக் கோட்டைத் தொட மாட்டார்கள். அந்த ராட்டினத்தில் ஏறுவதற்குச் சிறியவள், ஆனால் அதன் அருகே பெரியவர்களோடு ஒரு மணி நேரம் நிற்பதற்கு மட்டும் பெரியவளா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். 2019 மே மாதம் முதல் அதே டிஸ்னி பூங்காக்கள் தள்ளுவண்டிகளுக்கு ஒரு வரம்பு வைத்தன. 79 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 132 சென்டிமீட்டர் நீளத்துக்கும் மேற்பட்ட வண்டி கூடாது என்பதே அது. அளவைத்தான் வரையறுத்தார்கள், பிள்ளையின் வயதை அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வண்டியை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதும் பிள்ளைக்கு நன்மை அன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், தள்ளுவண்டி போன்றவற்றில் ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை அமர்த்தி வைக்க வேண்டாம் என்கிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும் என்றும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் விரைந்து கடைகளைச் சுற்றவும், பிள்ளை நம்மைத் தொந்தரவு செய்யாமல் இருக்கவும் வண்டியில் வார் பூட்டிக் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோமே, அது நம் வசதிக்காகச் செய்வது. அதற்குப் பிள்ளையின் களைப்பைக் காரணம் காட்டக் கூடாது.

அப்படியென்றால் எப்போதுதான் இறக்குவது? இந்தக் கேள்வியோடு நான் இருந்த நாள்களில், பட்டு நெய்யும் வீட்டு அக்கா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகளில் எத்தனையோ, சுற்றுவட்டக் கிராமங்களின் குழித்தறிகளில் நெய்யப்படுபவை. அவர் தறிக்கருகே ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே, காலால் ஏணையை ஆட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். “ஏணையை எப்போ அவுத்தீங்க?” என்று கேட்டேன்.

“அவுத்ததா? எத்தனையோ தடவ அவுத்தேன், எத்தனையோ தடவ கட்டுனேன்” என்று சிரித்தார். “கால் துணிக்கு வெளிய வந்துருச்சுன்னு அவுப்போம். காய்ச்சல் வந்து சிணுங்குனா மறுபடி கட்டுவோம். ஒருநாள் பாத்தா, கட்டி நாளாச்சேன்னு நெனப்பு வரும். அவ்ளோதான்.”

அன்று இரவு, நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டு தொழுத நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள அந்தச் செய்தியை நம்மில் பலர் ஜும்ஆ உரைகளில் கேட்டிருப்போம். ஸைனப் (ரலி) அவர்களின் மகளான அச்சிறுமியைச் சுமந்தபடியே அவர்கள் தொழுதார்கள். ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிட்டார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டபோது, அவனை அவசரப்படுத்த விரும்பாமல் ஸஜ்தாவை நீட்டியதும் நஸாயீயில் பதிவாகியிருக்கிறது.

இச்செய்திகளைப் பிள்ளைகள் மீதான அன்புக்குச் சான்றாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதில் வேறொன்றையும் கவனித்தேன். அங்கே தூக்குவதும் இறக்குவதும் ஒரே தொழுகைக்குள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இறக்கிவிட்டதால் அந்தப் பிள்ளை கைவிடப்படவில்லை. மீண்டும் தூக்கியதால் அது கெட்டுப்போய்விடும் என்று யாரும் அஞ்சவில்லை. ஏணை அக்கா சொன்னதும் இதைத்தான். வண்டியிலிருந்து பிள்ளையை இறக்குவது ஒரு நாள் காலையில் வாசலில் நின்று அறிவிக்கும் தீர்ப்பு அன்று. ஒரே நாளுக்குள்ளேயே பலமுறை இறக்கி, பலமுறை ஏற்றி, ஏற்ற வேண்டிய தேவை தானாகக் குறைந்துபோகும் வரை தொடரும் வேலை அது.

அந்த ஆண்டே காலாண்டு விடுமுறையில் பெங்களூருப் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். இம்முறை புறப்படும் முன் இரண்டு காரியங்கள் செய்தேன். முதலாவது, வண்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். 15 கிலோ வரைதான் அது தாங்கும் என்றிருந்தது. ஐரோப்பியத் தர விதிகளில் வழக்கமான வண்டிகளுக்கு 15 கிலோ, கூடுதல் எடைக்கென்று செய்த வண்டிகளுக்கு 22 கிலோ என்று இரு பிரிவுகள் உண்டு. எங்களுடையது முதல் வகை. அங்கன்வாடியில் எடை பார்த்தபோது மகள் 14 கிலோ 400 கிராம் இருந்தாள். இன்னும் சில மாதங்களே மிச்சம். பார்ப்பவர் கண்ணைவிட இந்தச் சீட்டு நேர்மையானது. அதை மீறுவது ஆபத்து.

இரண்டாவது, மகளை அருகில் அமர்த்திப் பேசினேன். “வண்டி வருது. ஆனா அது சும்மா உக்கார இல்ல. நீ நடக்கலாம், ஓடலாம். கால் வலிச்சாலோ தூக்கம் வந்தாலோ சொல்லு. சொன்னா திட்ட மாட்டேன்.” அவள் என்னை உற்றுப் பார்த்தாள். “நிசமா?” என்று கேட்டாள். அந்த ஒரு சொல் என்னைச் சுட்டது. முன்பு நான் பேசியதை அவள் மறக்கவில்லை.

அன்று வண்டியில் பெரும்பாலும் இருந்தவை எங்கள் பைகளே. கைப்பிடியில் பைகளைத் தொங்கவிடாமல் இருக்கையிலும் அடிக் கூடையிலும் வைத்தோம். கைப்பிடியில் கனத்தை மாட்டினால், பிள்ளை இறங்கியவுடன் வண்டி பின்னால் சாயும். மகள் பழகிய பழஞ்செருப்பில் நடந்தாள். சாப்பிட்ட பின் அவளே வந்து, “இப்ப வலிக்குது” என்றாள். ஏற்றி, துப்பட்டாவால் வெயிலை மறைத்து, காற்று புகும்படி ஒருபுறம் விலக்கிவிட்டேன். நாற்பது நிமிடம் உறங்கினாள். விழித்ததும் இறங்கி ஓடிவிட்டாள். மாலையில் மீண்டும் கால்மணி நேரம் அமர்ந்தாள். நாள் முழுவதிலும் அவ்வளவுதான். பேருந்து நிறுத்தம்போல் ஓரிடத்தைப் பிடித்து வைத்திருந்தது எல்லாருக்கும் உதவியது. பெரிய பிள்ளைகள் போய்த் திரும்பினார்கள், சின்னவள் அங்கே இளைப்பாறினாள்.

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி அவளைப் பார்த்து, “ஏன்டா கண்ணு, உனக்கு நடக்கத் தெரியாதா?” என்று கேட்டார். மகள் கூச்சமின்றி, “காலுக்கு லீவு விட்டிருக்கேன்” என்றாள். அவரும் சிரித்துவிட்டார். நான் மாதக்கணக்கில் சுமந்த வெட்கம் அந்தச் சிரிப்பில் கரைந்தது.

அந்தப் பெண்மணிமேல் எனக்கு வருத்தமில்லை. நானும் அவ்வாறு கேட்டிருக்கிறேன். ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளையை வண்டியில் கண்டால் நம் வாய் சும்மா இருப்பதில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளின் உடலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தசைத் தளர்ச்சி உள்ள பிள்ளை உண்டு. இதயக் கோளாறுக்கு மருத்துவம் பார்த்து வந்த பிள்ளை உண்டு. கூட்டமும் இரைச்சலும் தாங்காமல் தவிக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த வண்டியே ஒதுங்குவதற்கான சிறு அறை. இவை எதுவும் நம் பார்வைக்குத் தெரியாது. பிறரைப் பற்றி நல்லெண்ணம் கொள்ள நம் மார்க்கம் பணிக்கிறது. அதைப் பூங்கா வாசலிலும் கடைப்பிடிக்கலாம்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றையும் கண்டேன். என் அம்மாவுக்கு, மகளின் நன்னிக்கு, முழங்கால் வலி உண்டு. முதல் பயணத்தில் அவர், “எனக்கென்ன, இங்கயே உக்காந்து வேடிக்க பாக்குறேன், நீங்க போயிட்டு வாங்க” என்று ஒரு பெஞ்சில் தனியே அமர்ந்துவிட்டார். அவருக்கு அதுவே பிடித்திருக்கிறது என்று நாங்கள் எண்ணி, நாள் முழுவதும் விட்டுவிட்டோம். இம்முறை பேத்தி உறங்கும் வண்டிக்கு அருகே அமர்ந்திருந்தபோது அவர் மெல்லச் சொன்னார்: “போன தடவ எனக்கும் நடக்க முடியலம்மா. சொன்னா உங்களுக்குச் செரமம்னு விட்டுட்டேன்.” நான்கு வயதில் ஒருத்தி, அறுபத்தெட்டு வயதில் ஒருவர், இருவரும் ஒரே நாளில் எங்களுக்காக வலியை மறைத்திருக்கிறார்கள். இருவரையும் நாங்கள் கவனிக்கவில்லை. சிறுவயதில் நம்மை வளர்த்ததை நினைத்துப் பெற்றோருக்காக இரக்கம் வேண்டி இறைஞ்சும்படி சூரத்துல் இஸ்ராவில் அல்லாஹ் கற்றுத்தந்த துஆவை நாள்தோறும் ஓதுகிறேன். பூங்கா அலுவலகத்தில் கேட்டால் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று விசாரிக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை விசாரித்தேன், கிடைத்தது. அம்மா முதலில் மறுத்தார். “பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?” என்றார். பேத்திதான், “நன்னி, காலுக்கு லீவு விடுங்க” என்று சொல்லி அமர்த்தினாள்.

இவ்வாண்டு மே மாதம் மீண்டும் ஒரு பூங்காப் பயணம். மகளுக்கு ஐந்து வயது கடந்துவிட்டது. எடை 16 கிலோவைத் தாண்டிவிட்டது. சீட்டின்படியே வண்டிக்கு இனி வேலையில்லை. அதற்கு முன்பே அவளும் அதை மறந்திருந்தாள். வேனில் ஏறும்போது ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆனாலும் நாளை நாங்கள் சுருக்கிக்கொண்டோம். நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நிழலில் விரிப்பைப் போட்டு அனைவரும் ஓய்ந்தோம். மாலையில் அவள் களைத்தாள். “அம்மா, கால் வலிக்குது, கொஞ்சம் உக்காரலாமா?” என்று வந்து சொன்னாள். உட்கார்ந்தோம். அவள் வலியைச் சொன்னது வளர்ச்சி என்றே எனக்குப் பட்டது. முதல் பயணத்தில் அவள் அழாமல் நடந்ததை நான் வளர்ச்சி என்று எண்ணியிருந்தேன்.

என்னிடம் யாரேனும் கேட்டால் இப்போது இப்படிச் சொல்வேன். வயதை மட்டும் பார்க்காதீர்கள். வண்டியின் எடை வரம்பைப் பாருங்கள். அதற்கு மேல் பேச்சில்லை. வரம்புக்குள் இருந்தால், பிள்ளை காலையில் எப்படி ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாமல், மாலை நான்கு மணிக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பகல் உறக்கத்தை விட்டுவிட்ட பிள்ளையா, விடாத பிள்ளையா என்று பாருங்கள். ஐயமிருந்தால் கொண்டு போங்கள். ஆனால் இறக்கிவிட்டே தொடங்குங்கள். கொண்டு போக முடியாவிட்டால் நாளைச் சுருக்குங்கள். பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டால், அது அடங்கிவிட்டது என்று மகிழாமல் செருப்பைக் கழற்றிப் பாருங்கள்.

வண்டியைத் துடைத்து, சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். தம்பிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார்கள். அவன் வாங்கி வந்த வண்டி அவன் பிள்ளைக்கே போகிறது. சென்ற வாரம் சந்தவாசலில் பேருந்துக்குக் காத்திருந்தபோது மகள் என் தோளில் சாய்ந்து, “தூக்குங்கம்மா” என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை, பள்ளிக்குப் போகிறவள். நிறுத்தத்தில் நான்கைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிக்கொண்டேன். பேருந்து வந்ததும் தானாகவே இறங்கி முதல் ஆளாக ஏறினாள்.

நம் பிள்ளைகளின் கால்களுக்கு வலிமையையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையை நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.